அதாவதர் மொழிபெயர்த்த படம்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எழுத்துக்கும் எனக்கும் அவ்வளவு தூரம். பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதனையில் தமிழ் ஒன்றில்தான் பாஸ்; அதுவும் முன்மேசைக்காரியின் கையெழுத்து பெரிதாக இருந்த புண்ணியம். மன்னார் பஸாரில் போன் திருத்துகிற கடையில் குந்தியிருப்பவனுக்குப் பத்திரிகைக்கு எழுத என்ன கிடக்கிறது என்று நான்கு நாள் தள்ளிப்போட்டேன். ஐந்தாம் நாள் மழை. கடைக்கு ஒரு காகம்கூட வரவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

உலகத்தில் உள்ள மொழிபெயர்ப்பாளர்கள் எல்லோருக்கும் குறைந்தது இரண்டு மொழியாவது தெரிந்திருக்க வேண்டும். பேசாலையில் இருந்த எங்கள் அதாவதருக்கு மட்டும் அந்தக் கட்டாயம் இருக்கவில்லை.

அவருடைய சொந்தப் பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கும். போய்ப் பார்த்தவர் யாருமில்லை. வாயைத் திறந்தால் முதல் சொல் ‘அதாவது’. கடைசியில் ஒரு ‘ர்’ போட்டது மரியாதைக்கு. ஐம்பது தாண்டிய மனிதர். வெள்ளைச் சாரம், கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய முழுக்கைச் சேர்ட். கருவாட்டு லொறியில் நீர்கொழும்புக்குப் போய்வந்ததில் கிடைத்த சிங்களம் கொஞ்சம். பஹ்ரெய்னில் ஒரு ஹோட்டலில் இரண்டு வருடம் உடுப்புத் தோய்த்ததில் கிடைத்த இங்கிலிஷ் அதைவிடக் கொஞ்சம். அந்த இங்கிலிஷில் அரைவாசி துணி வகைகளின் பெயர், மிச்சம் சவர்க்காரங்களின் பெயர்.

இந்த மூலதனத்தை வைத்துக்கொண்டுதான் அவர் பல வருடம் மாதா கோயிலில் மொழிபெயர்த்தார். தெற்கிலிருந்து சிங்கள யாத்திரிகர்கள் பஸ் பிடித்து வரும்போது அவர்களுடைய சுவாமியாரும் வருவார். எங்கள் ஆட்களும் பூசையில் இருப்பதால், அவர் ஒரு வசனம் சிங்களத்தில் சொல்லி நிறுத்த, பக்கத்தில் நிற்பவர் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்பவர் அதாவதர். வலது கையை இடது கையின் மேல் வைத்து, கண்ணைப் பாதி மூடி நிற்பார். சுவாமியார் ஒரு வசனம் சொன்னால் இவர் ஒன்பது வசனம் சொல்வார். சுவாமியார் ஒன்பது சொன்னால் இவர், “அதாவது, ஓமாம்” என்று முடித்துவிடுவார்.

ஒருமுறை எங்கள் கரையில் யாரோ ஒருவனின் வலையை யாரோ ஒருவன் வெட்டிவிட்டான். வெட்டியவன் யாரென்று தெரியாமல் ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த ஞாயிறு வந்த சிங்களச் சுவாமியார் சமாதானத்தைப் பற்றி உருக்கமாக ஏதோ சொன்னார். அதாவதர் முழங்கினார்:

“அதாவது, வலை வெட்டினவன் இந்தக் கோயிலுக்குள்ளதான் இருக்கிறானாம். ஆரெண்டு ஃபாதருக்கு நல்லாத் தெரியுமாம். அவன் இண்டைக்கே வந்து பாவசங்கீர்த்தனம் செய்தா, பேரை வெளியில சொல்லமாட்டாராம்.”

பூசை முடிய, பாவசங்கீர்த்தனத்துக்கு மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். வெட்டப்பட்டது ஒரு வலைதான். ஒரு சொல் தமிழ் தெரியாத சுவாமியார், தன் பிரசங்கம் இந்தக் கரையில் ஏற்படுத்திய மனமாற்றத்தைப் பார்த்துக் கண்கலங்கிப் போனார். அடுத்த வருடமும் அதாவதரைத்தான் கேட்டு வந்தார்.

இப்படியான மனிதரின் கையில் ஒரு இங்கிலிஷ் படம் அகப்பட்டது.

அப்போது எனக்குப் பதினாறு. ஞாயிறு பின்னேரங்களில் கோயிலின் பங்கு மண்டபத்தில் இளைஞர் ஒன்றியம் கூடும். எங்களுக்குப் பொறுப்பான சிஸ்டர் கொழும்புக்குப் போய் ஒரு டிவிடி கொண்டுவந்தார். “பிள்ளையள், இது உங்கட வயசுப் பிள்ளையளைப் பற்றின படம். எதிர்காலத்தைப் பற்றினது. பாத்திட்டு யோசிக்கவேணும்” என்றார். யோசிக்க வேண்டும் என்றதுமே பாதிப் பேர் வாசலைப் பார்த்தோம். அதற்கு மேல், படத்தின் அடியில் ஓடுகிற தமிழ் எழுத்தும் இல்லை. சிஸ்டருக்கு இங்கிலிஷ் வாசிக்க வரும். வெள்ளைக்காரன் கதைக்கிற வேகத்துக்குக் காது ஓடாது.

அந்த நேரம் பார்த்து, மண்டபத்துக் கதிரைகளை எண்ண வந்த அதாவதர் சேர்ட் கையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

“ரிமோட்டைத் தாங்கோ சிஸ்டர்.”

அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலைமுறை, கோயில் முறை. டிவிக்குப் பக்கத்தில் நின்று, ஒரு வசனம் ஓடவிட்டு, படத்தை நிற்பாட்டி, கைமேல் கை வைத்து, “அதாவது...” ஒன்றரை மணித்தியாலப் படம் மூன்று ஞாயிறு ஓடியது அப்படித்தான். முதல் ஞாயிறு பெயர் போடுகிற கட்டத்திலேயே இருபது நிமிடம் போனது.

“அதாவது, இது எதிர்காலத்தில நடந்த கதை.”

“எதிர்காலத்தில எப்பிடி அங்கிள் நடந்தது?” என்று நான் விட்டுவிடவில்லை.

“அதாவது தம்பி, வெள்ளைக்காரனுக்கு அது ஏற்கனவே வந்திட்டுது. எங்களுக்கு வர நாள் இருக்கு. டிவி, போன், எல்லாச் சாமானும் அங்க வந்துதானே பிறகு இஞ்ச வாறது? எதிர்காலமும் அப்பிடித்தான்.”



கதை இதுதான். இதை டிவிடி உறையின் பின்பக்கத்தைப் பார்த்து சிஸ்டர் வாசித்துச் சொன்னதால் நம்பலாம். மதில் கட்டிய ஒரு சாம்பல் நிற நகரம். எல்லோருக்கும் சாம்பல் உடுப்பு. அங்கே பிள்ளைக்குப் பதினாறு வயது நிரம்பிய அன்று அரசாங்கம் வந்து கூட்டிக்கொண்டுபோய் வேறொரு வீட்டில் விட்டுவிடும். புது அம்மா, புது அப்பா. பழைய அம்மா அப்பாவை மறக்க ஒரு ஊசி. பாசம் இருந்தால்தானே சண்டை வரும், அதனால் பாசம் வேரூன்ற முதலே பிடுங்கிவிடுகிற சட்டம். ஒரு பெண்பிள்ளைக்குப் பதினாறு வரப்போகிறது. அவளுடைய பெயர் அதாவதருக்குப் பிடிபடாததால் மேரி என்று வைத்துவிட்டார். உயரமான காவல்காரனுக்குப் பெரேரா என்று பெயர். தொப்பி போட்ட தடித்த ஆளை மந்திரி என்றார்.

“சிஸ்டர், அந்த அரசாங்கத்துக்கு எங்க விண்ணப்பம் குடுக்கிறது?” என்று கேட்டேன். “என்ர அப்பாவைக் குடுத்தா மேரியின்ர அப்பாவைத் தருவினமோ? அந்தாளிட்டக் கார் நிக்குது.”

மண்டபம் சிரித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த டிலக்சன் மட்டும் சிரிக்கவில்லை.

டிலக்சன் என் கூட்டாளி. அவனுடைய அப்பா புத்தளத்தில் வேறொரு குடும்பத்தோடு இருந்தார். அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதாக முடிவாகி, பயண நாளும் வந்துவிட்டது. இவன் வங்காலையில் மாமி வீட்டில் நிற்க வேண்டும். அடுத்த மாதம் அவனுக்குப் பதினாறு. அம்மா போகிற செய்தி கேட்ட நாளிலிருந்து அவன் அம்மாவோடு கதைப்பதை நிறுத்திவிட்டான். அவர் சோறு போடுவார், இவன் தின்பான், கோப்பையைக் கழுவி வைப்பான். சொல் மட்டும் இல்லை.

இதெல்லாம் தெரிந்தும் நான் வாயை வைத்துக்கொண்டு இருந்தேனா? மண்டபத்து வாசலில் வைத்துக் கேட்டேன்: “டேய், மாமிதானே உன்ர புது அம்மா? உனக்கு ஊசி எப்ப?”

என் முன்பல் ஒன்று இன்றைக்கும் கொஞ்சம் சரிந்து நிற்கிறது.

இரண்டாம் ஞாயிறு பாதியில் கறன்ட் போய்விட்டது. மேரி சாப்பாட்டு மேசையில் சூப் குடிக்கத் தொடங்கியிருந்தாள். டிவி இருண்டது. வேறு யாராவது என்றால் வீட்டுக்குப் போகச் சொல்லியிருப்பார்கள். அதாவதர் கண்ணைப் பாதி மூடினார்.

“அதாவது, மேரி இப்ப மதிலில ஏறுறா.”

படமே இல்லாமல் இருபது நிமிடம். மேரி மதிலில் ஏறிக் குதித்தாள், கடற்கரைக்கு ஓடினாள், ஒரு வள்ளத்தைப் பிடித்தாள், எதிரில் வந்த நேவிக்காரருக்குக் கள்ளச் சாட்டுச் சொன்னாள், காற்று மாறியதும் பாயை இறக்கினாள். யன்னலுக்குள்ளால் தலையை விட்ட கழுதை ஒன்று கதை முடியும்வரை அசையவில்லை. மேரி கடலின் நடுவில் நிற்கும்போது கறன்ட் வந்தது. டிவியில் மேரி இன்னும் சூப் குடித்துக்கொண்டிருந்தாள்.

அதாவதர் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. “அதாவது, நான் கொஞ்சம் முந்திப் போட்டன். அவ ஆறுதலா வரட்டும்.”

அன்றைய கடைசிக் கட்டம் ஊசி. மேரியைக் கதிரையில் இருத்தி, கையில் ஊசியை ஏற்றினார்கள். அதாவதர் படத்தை நிற்பாட்டினார். அதுவரை ஒரு கேள்வியும் கேட்காத டிலக்சன் கையை உயர்த்தினான்.

“அங்கிள், அந்த ஊசி போட்டா எல்லாருக்கும் மறக்குமோ? ஒருத்தருக்கும் அம்மாவை ஞாபகம் இராதோ?”

நாங்கள் எல்லோரும் திரும்பி அவனைப் பார்த்தோம். பகிடி பண்ண நான் வாயைத் திறந்தேன். பல் ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். எதற்கும் விளக்கம் வைத்திருக்கிற மனிதர் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அதாவது... அது அடுத்த ஞாயிறுதான் தெரியும்” என்றார். பிறகு சிஸ்டரிடம் போய், “இதை ஒருக்கா வீட்டை கொண்டுபோய்ப் பாத்திட்டுத் தாறனே” என்று டிவிடியை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அந்தக் கிழமை மாதா கெபியடியில் டிலக்சனின் அம்மா என்னைப் பிடித்தார். மெழுகுதிரி கொளுத்த வந்தவர் தீப்பெட்டியை வைத்து உருட்டிக்கொண்டே கேட்டார்.

“தம்பி, திங்கக்கிழமை விடிய ஐஞ்சரை பஸ். அவன் வரமாட்டானாம் எண்டு மாமி சொல்லுறா. நீ சொன்னாக் கேப்பான். ஒருக்கா வந்து நிக்கச் சொல்லனப்பு. கதைக்க வேண்டாம். நிண்டாக் காணும்.”

“ஓம் அன்ரி, சொல்லுறன்” என்றேன். சொன்னேன். “உன்ர வேலையைப் பார்” என்றான்.

மூன்றாம் ஞாயிறு மண்டபம் நிரம்பிவிட்டது. வள்ளத்துக் கதை ஊருக்குள் பரவியதால் பெரிய ஆட்களும் வந்து சுவரோரம் நின்றார்கள். வள்ளம் வரவேயில்லை, அது வேறு கதை. படத்தின் கடைசி வந்தது. மேரி புது வீட்டில் புது அம்மாவோடு இருக்கிறாள். ஒருநாள் சந்தைக்குள் நடக்கிறாள். எதிரே ஒரு பெண் வருகிறார். மேரியின் பழைய அம்மா. மகளைக் கண்டதும் அவருடைய கையிலிருந்த பை விழுகிறது. தோடம்பழங்கள் சிதறுகின்றன. ஒன்று உருண்டு வந்து மேரியின் காலடியில் நிற்கிறது. மேரி நிற்கிறாள், பார்க்கிறாள், பிறகு தன்பாட்டில் நடந்து போகிறாள். படம் முடிகிறது.

இந்தக் கட்டம் தொடங்க முதலே அதாவதர் ரிமோட்டை அழுத்தி டிவியின் சத்தத்தை நிற்பாட்டிவிட்டார்.

“ஏன் அங்கிள் சத்தத்தை நிப்பாட்டினீங்கள்?”

“அதாவது, இது கேக்கிற கட்டம் இல்லை, பாக்கிற கட்டம்.”

முடிந்ததும் திரும்ப ஓட்டினார். மேரியின் கால் நிற்கிற இடத்தில் படத்தை நிற்பாட்டினார்.

“அதாவது, அவளுக்குத் தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?” டிலக்சன்தான் கேட்டான்.

“அது தன்ர அம்மா எண்டு தெரியும். அந்தா மூலையில பெரேரா நிக்கிறான். காட்டினாப் பிடிச்சுப்போடுவான். அதால காட்டேல்லை. ஆனா காலைப் பார். நிண்டுதோ இல்லையோ? மறந்தவளின்ர கால் ஏன் நிக்குது? அந்த ஊசி மருந்து தலைக்குத்தான் போகும், காலுக்குப் போகாது. தாய்க்காரியும் அந்தக் காலைப் பாத்திட்டா. அது காணும் அவவுக்கு.”

மூன்று தரம் திரும்ப ஓட்டிக் காட்டினார். மூன்று தரமும் கால் நின்றது. சிஸ்டர் ஏதோ சொல்ல எழும்பினார். அதாவதர் அவரைப் பார்த்தார். சிஸ்டர் இருந்துவிட்டார். சுவரோரம் நின்ற டிலக்சனின் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல் ஆளாக வெளியே போனார். டிலக்சன் கடைசி ஆள்.

திங்கட்கிழமை விடிய பஸ் நின்றது. அதாவதரும் மன்னாருக்கு ஏதோ அலுவல் என்று சேர்ட் பூட்டி வந்து நின்றார். டிலக்சனின் அம்மா யன்னலோரம் இருந்தார். அவனைக் காணவில்லை. பஸ் புறப்பட ஒரு நிமிடம் இருக்கையில் பார்த்தால், வீதிக்கு அந்தப் பக்கம், மதிலோடு சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். இந்தப் பக்கம் வருகிற எண்ணம் இல்லை.

கண்டக்டர் சிங்களவர். பஸ்ஸில் தட்டி, “ஹரி, யமு யமு!” என்று கத்தினார். ‘சரி, போவம்’ என்பது எங்கள் ஊர்க் கழுதைக்குக்கூடத் தெரிந்த சிங்களம்.

மிதிபலகையில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்ற அதாவதர், கைமேல் கை வைத்தார். வீதிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி கோயில் குரலில் சொன்னார்:

“அதாவது, பஸ் இன்னும் ரெண்டு நிமிசம் நிக்குமாம்!”

காலை எடுக்கவில்லை. கண்டக்டர் திரும்பவும் கத்தினார். “அதாவது, ஆறுதலா வரட்டாமாம்!” சாரதி ஹோர்ன் அடித்தார். அதற்கும் ஒரு அதாவது.

டிலக்சன் வீதியைக் கடந்தான். யன்னலுக்குக் கீழே வந்து நின்றான். அவனுடைய அம்மா யன்னலால் தலையை நீட்டினார்.

“நீலச் சேர்ட்டில பொத்தான் இல்லை” என்றார். “மாமியிட்டச் சொல்லித் தைப்பிச்சுப் போடு.”

“ஓம்” என்றான். பிறகு, “போன உடன போன் எடுங்கோம்மா” என்றான்.

அப்போதுதான் அதாவதர் தரையில் நின்ற காலைத் தூக்கி உள்ளே வைத்தார். கண்டக்டர் அவரைப் பார்த்துச் சிங்களத்தில் இரண்டு சொல் சொன்னார். பத்திரிகையில் போடக்கூடிய சொற்கள் இல்லை.

“என்னவாம் அங்கிள்?” என்று நான் கீழே நின்று கேட்டேன்.

“அதாவது, என்னைப்போல மனுசரைக் கண்டதில்லையாம்” என்றார். பஸ் போய்விட்டது.

டிலக்சனின் அம்மா நான்கு வருடம் கழித்துத் திரும்பி வந்தார். இப்போது பேசாலையில் கருவாடு போடுகிறார். டிலக்சன் கட்டாரில் லொறி ஓடுகிறான். போகும்போது அவனுடைய மகளுக்கு எட்டு மாதம். இப்போது இரண்டு வயது. வீடியோவில் அவனைக் கண்டால் போனை நக்குகிறாள்.

அதாவதர் போன வருடம் செத்துப்போனார். அடக்கப் பூசையில் பங்குச் சுவாமியார் நல்ல தமிழில் பிரசங்கம் வைத்தார். ஆனால் அவர் ஒவ்வொரு வசனம் முடிக்கும்போதும் கோயில் முழுவதும் கொஞ்சம் காத்திருந்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற மீன்கார அக்கா என் காதுக்குள் சொன்னார்: “ஒண்டும் விளங்கேல்லை தம்பி.”

போன கிழமை கடையில் ஒரு போனுக்குத் திரை மாற்றினேன். திரை சரியா என்று பார்க்க, ஏதாவது படம் ஓடவிடுவது என் வழக்கம். தேடினால் அந்தப் படம். இப்போது தமிழ் எழுத்தோடு வந்திருக்கிறது. கடையைப் பாதி மூடிவிட்டு முழுதாகப் பார்த்தேன். மந்திரி என்ற தடித்த ஆள் சமையல்காரன். பெரேரா காவல்காரனே இல்லை, மேரியின் சொந்த அண்ணன். மேரி படத்தில் ஒரு இடத்திலும் கடலைக் காணவில்லை.

கடைசிக் கட்டத்தில் தோடம்பழம் உருண்டு வருகிறது. கால் நிற்கிறது. அந்த இடத்தில் மேரியின் குரல் பின்னால் ஒலிக்கிறது. நாங்கள் ஒருநாளும் கேட்காத குரல். ‘இன்று சந்தையில் ஒரு பெண் பழங்களைக் கொட்டிவிட்டாள். என்னைப் பார்த்து ஏன் அழுதாள் என்று தெரியவில்லை’ என்று கீழே எழுத்து ஓடுகிறது.

அதாவதருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு இங்கிலிஷ் வசனம் சரியாக விளங்கியிருக்கிறது. அதைத்தான் மனிதர் எங்களைக் கேட்கவிடாமல் அமத்தியிருக்கிறார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உடனே டிலக்சனுக்கு ஒரு செய்தி தட்டினேன். ‘டேய், அந்தப் படம் இப்ப தமிழ் எழுத்தோட வந்திருக்கு. மேரிக்குத் தாயை ஞாபகமே இல்லையாம்டா. கீழ வடிவா எழுதிக் கிடக்கு. அதாவதர் எங்களுக்குச் சுத்திப்போட்டார்.’

இரண்டு நீலச் சரி விழுந்தது. பிறகு பதில் வந்தது:

‘எழுத்துப் போட்டவனுக்கு இங்கிலிஷ் தெரியாது மச்சான்.’